இஸ்திரியில் போன மூன்று கட்டங்கள்

என் இரண்டாவது மருமகளைத் தொழிற்சாலையில் கட்டக்கா என்று கூப்பிடுகிறார்கள். எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் முதலில் அதில் கட்டம் போட்டுவிடுவாள் என்பதால் வந்த பெயர். அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள் பெற்ற மகள். அம்மாவுக்குச் சாதகமாக எதையாவது நுழைத்துவிடுவாளோ என்று ஒவ்வொரு பக்கத்தையும் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு எழுத்துதான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

அவள் வேலை பார்ப்பது ஜாக்கெட்டும் கோட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடத்தில். வெட்டி வந்த துணியில் பை எங்கே வர வேண்டும், பொத்தான் எங்கே, மடிப்பு எங்கே என்று அளவு அட்டையை வைத்துக் கோடு போட்டுக் கொடுப்பது அவள் வேலை. தைக்கிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்துத் தைப்பார்கள். தைத்து முடித்த பிறகு கோடு தெரியக் கூடாது. அதற்கென்றே ஒரு பேனா இருக்கிறது. கறுப்பாகத்தான் எழுதும், ஆனால் இஸ்திரிப் பெட்டி மேலே போனால் எழுதிய சுவடே இருக்காது. ஒரு முறை குளிர் நாட்டுக்குப் போன ஜாக்கெட்டுகள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்துவிட்டன. சூட்டில் மறைந்த கோடு கடுங்குளிர் பட்டால் மறுபடி எழுந்து வருமாம். சூப்பர்வைசர் கத்திய கத்தலை அன்று வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். "நான் போட்ட கோடு என்னையே தேடிக்கிட்டு வந்துடுச்சு அத்தை" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வேலை மதியம் இரண்டு மணி ஷிப்ட். காலையில் பிள்ளை பள்ளிக்கும் என் மகன் வண்டியோட்டவும் கிளம்பியதும், ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் சாப்பாட்டு மேசை அவளுடையது. தாளையோ துணியையோ விரித்துக் கட்டம் போடுவாள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரே ஒரு வடிவத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு நிரப்புவாள். அடுப்பின் பர்னர் ஓட்டைகள் ஒரு கட்டம். ஜன்னல் கம்பி ஒரு கட்டம். தொலைவில் நின்று பார்த்தால் பாய் மாதிரி, சல்லடை மாதிரி இருக்கும். கிட்டே போனால் ஓராயிரம் சின்னக் கொக்கிகள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. தொழிற்சாலையில் கழித்துப் போட்ட அட்டைகளின் பின்பக்கம்தான் அவளுக்கு முதல் நோட்டுப் புத்தகம்.

அதோடு விட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். பிறகு ஒட்ட ஆரம்பித்தாள். டீத்தூளைக் கொதிக்க வைத்து அதில் தாளை ஊற வைத்துக் கொடியில் காயப்போடுவாள். வெங்காயம் வருகிற வலைப் பையை விரித்து மேலே சாயம் ஒற்றுவாள். பழைய மின்விசிறிக்குள் இருக்கிற செம்புக் கம்பியை உருவிச் சுருட்டித் தைப்பாள். முட்டை ஓட்டைக் கழுவிக் காய வைத்து நொறுக்கி ஒவ்வொரு சில்லாகப் பதிப்பாள். ஒரு தடவை மைதாப் பசை போட்டு ஒட்டியதை எறும்பு வந்து மூலையில் அரித்துவிட்டது. தூக்கி எறிவாள் என்று பார்த்தால், எறும்பு அரித்த ஓட்டைகளைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முட்டை ஓடு இருக்க வேண்டிய இடம் குப்பைத் தொட்டி என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். ஆனால் முட்டை உடைக்கும்போது ஓட்டைத் தனிக் கிண்ணத்தில் போட்டு வைப்பதும் நான்தான்.

அவளுக்கு இருந்த ஒரே குறை அந்த மேசை. பன்னிரண்டரைக்கு எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். பசை காயாமல் ஒட்டிக்கொள்ளும், கம்பி நெளிந்துபோகும். ஒரு வேலையை விரித்தது விரித்தபடி விட்டுவிட்டு மறுநாள் வந்து தொட்டதாக அவள் ஆயுளில் கிடையாது. அப்படி இருக்கும்போது நூலகத்தில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். ஊர்க்காரர்கள் கையால் செய்த படம் ஏதாவது கொண்டுவந்து கொடுக்கலாம். நன்றாக இருப்பதைக் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். அதைச் செய்தவருக்கு நூலகத்தின் பின்னறையை ஒரு வருஷத்துக்குக் கொடுப்பார்கள். அந்த அறையில் எட்டுப் பேர் உட்காருகிற மேசை ஒன்று இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேசையின் நீள அகலத்தை மட்டும் கையை விரித்துக் காட்டினாள்.

நான்கு மாதம் வேலை செய்தாள். ஒரே துணி, அதில் இருபத்து நான்கு கட்டம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. வீட்டுக்குள் கண்ணில் படுகிற பொருள்கள்தான் எல்லாம். கடைசி வரிசையில் கடைசி மூன்று கட்டம் மாவுச் சல்லடை, என் மகனுடைய செருப்பின் அடிப்பாகம், அப்புறம் என் குதிகால். ஆமாம், என் குதிகால் வெடிப்பு. நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தெரியாமல் பார்த்து வரைந்திருக்கிறாள். ஊரே வந்து போகிற இடத்தில் என் காலை மாட்டப் போகிறாயா என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. முகம் தெரியாது அத்தை, யாருடைய கால் என்று யார் கேட்கப் போகிறார்கள் என்றாள். எனக்குத் தெரியுமே என்றேன். அவள் அழிக்கவில்லை.

கொடுக்க வேண்டிய கடைசி நாள் காலை. மதியம் ஒரு மணிக்கு நூலகத்தில் வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். துணி தொங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும் என்று, சட்டைக் காலருக்குள் வைக்கிற ஒட்டுத்துணியைப் பின்பக்கம் வைத்து இஸ்திரி போட்டாள். அந்தச் சூட்டில்தான் அது ஒட்டும். படத்தைத் துண்டின் மேல் குப்புறப் போட்டிருந்தோம். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். நிதானமாக, மூலை மூலையாக அழுத்தினாள். ஆறியதும் திருப்பிப் போட்டாள்.

கடைசி மூன்று கட்டம் வெள்ளையாக இருந்தது.

என் கால் போய்விட்டதே என்று முதலில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன். பேத்தி இதை எழுத வேண்டாம் என்கிறாள். எழுது என்கிறேன். அப்புறம்தான் மருமகள் முகத்தைப் பார்த்தேன். அவள் கை தானாகக் கொண்டைக்குப் போனது. அங்கே ஒரு பேனா செருகியிருந்தது. ஷிப்ட் முடிந்து வரும்போது தொழிற்சாலைப் பேனாவைக் கொண்டையில் செருகியபடியே வந்துவிடுவது அவள் வழக்கம். அந்தக் கடைசிப் பத்து நாளும் காலையில் மேசையில் உட்கார்ந்ததும், பெட்டியில் இருக்கிற படப் பேனாவைத் தேடாமல், கை பழக்கத்தில் கொண்டையிலிருந்ததை உருவி வரைந்திருக்கிறாள். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே தடிமன். பத்தொன்பது வருஷம் அந்தப் பேனாவைப் பிடித்த கை, வேறு எதைத் தேடும்?

அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி வரைந்துவிடேன் என்றேன். ஒரு கட்டத்துக்கு மூன்று நாள் காலைப்பொழுது ஆனது, மணி இப்போது பத்து என்றாள். பிறகு திடீரென்று எழுந்தாள்.

"அத்தை, ஜாக்கெட்டுல கோடு திரும்பி வந்துச்சுல்ல?"

எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேலறையில் ஒரு டம்ளர் வைக்கத்தான் இடம் இருக்கும். கீழ்த்தளத்தில் ஐஸ்காரர் இருக்கிறார், கடைகளுக்கு ஐஸ்கிரீம் போடுகிறவர். ஆள் படுக்கிற நீளத்துக்கு உறைபெட்டி வைத்திருக்கிறார். துணியைப் பெரிய பிளாஸ்டிக் உறைக்குள் தட்டையாக வைத்து ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரிக்காமல் கேட்டார்.

"என்னம்மா, படத்துக்குக் காய்ச்சலா?"

"ஆமாண்ணே. கொஞ்சம் இடம் குடுங்க."

"பெரியம்மாவையும் உள்ள வெக்கணுமா, இல்ல படம் மட்டும் போதுமா?"

பெட்டி பெட்டியாக எடுத்து வெளியே வைத்து இடம் பண்ணிக் கொடுத்தார், அதனால் அந்தக் கேலியை விட்டுவிட்டேன். முக்கால் மணி நேரம் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் நாலு தடவை மூடியைத் திறக்கப் போனாள், நாலு தடவையும் நான் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். எடுத்தபோது துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. மூன்று கட்டத்திலும் கோடு வந்திருந்தது. ஆனால் தேய்ந்த பென்சிலால் போட்ட மாதிரி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

கையோடு கொண்டுவந்திருந்த படப் பேனாவை எடுத்து மேலே ஒரு கோடு இழுத்தாள். வெளிக்காற்று பட்டதும் துணி வேர்த்துவிட்டது, மை பொட்டு மாதிரி பரவியது. உடனே பேனாவை மூடினாள். ஈரத்துக்கு அஞ்சாதது நூல்தான் என்றாள். என் ரவிக்கை ஓரத்தில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். அதில் தலையணை உறை தைத்த சிவப்பு நூல் மிச்சம் இருந்தது. மேலே போய்க் கறுப்பு நூல் எடுத்து வருகிறேன் என்றேன். நீங்கள் படியேறி இறங்குவதற்குள் நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள், அந்தச் சிவப்பு நூல்கண்டு உங்கள் இடுப்புப் பையில்தானே இருக்கிறது என்று கையை நீட்டினாள்.

உறைபெட்டியின் மூடிமேலே துணியை விரித்து, கோட்டின் மேலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போனாள். விரல் விறைத்தால் அக்குளில் வைத்துக்கொள்வாள், மறுபடி எடுப்பாள். நூல் தீரத் தீர ஐஸ்காரர் ஊசியில் கோத்துக் கொடுத்தார். எனக்கு ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாது, அவளுக்கு நேரம் இல்லை. இப்படியே போனால் நாளைக்குக் கடையை மூடிவிட்டுத் தையல் போட வந்துவிடுவேன் என்றார் அவர். பன்னிரண்டேகாலுக்குச் சல்லடை முடிந்தது, செருப்பு முடிந்தது. குதிகாலைப் பேருந்தில் தைத்தாள். மேடு பள்ளத்தில் இரண்டு தையல் கோணிப் போனது. வெடிப்பு கோணலாகத்தானே இருக்கும் என்று நானே சொல்லும்படி ஆகிவிட்டது.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நூலகத்துக்குள் நுழைந்தோம். மேசைக்குப் பின்னால் நூலகத்து அம்மாளும், ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவரும் இருந்தார்கள். குதிகால் பாதி சிவப்பு, பாதி வெளிறிய கோடு. ஊசி அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இங்கேயே உட்கார்ந்து முடித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். அதற்கு நேரம் இல்லை, இருக்கிறபடிதான் வாங்குவோம் என்று அந்த அம்மாள் சொன்னாள். மருமகள் முடிச்சுப் போட்டு, பல்லால் நூலைக் கடித்து, ஊசியை என்னிடம் கொடுத்தாள்.

ஆசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இருபத்தோரு கட்டத்தில் கோடு இருக்கிறது, மூன்றில் மட்டும் ஏன் நூல் என்று கேட்டார். நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். அழகுக்காகப் போட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. இவள் பேனா, கொண்டை, இஸ்திரி, ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இத நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார் அவர்.

"சுருக்கம் விழுந்து யாராவது இஸ்திரி போட்டா பாதிக் கால் போயிடும் சார். அப்ப தெரிஞ்சிடும்."

அங்கிருந்து அப்படியே ஷிப்டுக்குப் போய்விட்டாள். நான் தனியாகப் பேருந்தேறி வந்தேன். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பேத்திதான் படித்தாள். சுவரில் நிற்காத மை இருக்கிற படத்துக்கு அறையை முழுதாகக் கொடுப்பதா என்று அவர்களுக்குள் பேச்சு வந்ததாம். ஆசிரியர் கூடாது என்றாராம், அந்த அம்மாள் கொடுத்தே ஆக வேண்டும் என்றாளாம். கடைசியில் அறை இரண்டு பேருக்கு. களிமண்ணில் ஓடு செய்கிற ஒருவருக்கு மூன்று நாள், இவளுக்கு மூன்று நாள். மேசையில் ஆளுக்குப் பாதி. அவரவர் பாதியில் இருப்பதை மற்றவர் நகர்த்தக் கூடாது. குதிகாலின் மிச்சத்தையும் தைத்து முடித்த பிறகுதான் படம் சுவருக்குப் போகும்.

நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் முழு மேசை கிடைத்திருக்கும் என்றேன். இன்றைக்கும் அதுதான் என் எண்ணம். அவள் சண்டைக்கு வரவில்லை. இங்கேயும் பாதி மேசை, அங்கேயும் பாதி மேசை, கூட்டினால் ஒன்று அத்தை என்றாள்.

போன வாரம் அவளோடு போய்ப் பார்த்தேன். படம் மாட்டியிருக்கிறது. ஒரு அம்மாள் என் குதிகாலுக்கு நேரே நின்று, காய்ந்துபோன ஏரி என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செருப்புக்குள் காலை இழுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனேன். மேசையின் ஒரு பாதியில் மண் காய்ந்து கிடந்தது. மறுபாதியில் திங்கட்கிழமை ஒட்டிய முட்டை ஓடும் கம்பியும் தாளும், புதன்கிழமையும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. அவள் உட்காரவில்லை. மேசையைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்து, விரல் நுனியால் பசையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

கொண்டையில் பேனா செருகுவதை மட்டும் விடவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது, தொழிற்சாலைப் பேனாவின் கழுத்தில் அந்தச் சிவப்பு நூலை நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டேன். இப்போது எது எந்தப் பேனா என்று எனக்கே தெரியும்.