கூட்டு எத்தனை மில்லி?

என் மனைவி ஷமீனா வளர்த்த ஃபின்ச் குருவி மூன்று நாளாகச் சரியாகத் தின்னவில்லை. இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பல்பு மாட்டி, தெர்மோஸ்டாட் வைத்து, கூண்டை முப்பது டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கிறேன். அவள் இறந்தபிறகு வீட்டில் சத்தம் போடுவது அது மட்டும்தான்.

இன்று கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள பறவைக் கடைக்கு ஓடினேன். மலையாளம் பேசுவதெல்லாம் ஷமீனாதான். எனக்கு அரைகுறை.

நான் போனில் காட்டிய குருவியின் வீடியோவைப் பார்த்த கடைக்கார இக்கா, “மோனே, இதினு ஒரு கூட்டு வேணம்” என்றார்.

குறித்துக்கொள்ள போனை எடுத்தேன். “என்னென்ன கலக்கணும் இக்கா? எத்தனை மில்லி?”

கடையே சிரித்தது.

“மருந்தல்லடா! கூட்டுன்னா துணை. தனிச்சு இருந்தா அது தின்னாது. சுகமானதும் வா, இன்னொண்ணு தரேன்.”

“அதுவரைக்கும்?”

“நீ உண்டல்லோ, நீ இருக்கியே. அதுக்க முன்னாடி இருந்து சாப்பிடு. பார்த்துட்டுத் தின்னும்.”

வீட்டுக்கு வந்து கூண்டருகே உட்கார்ந்து புரோட்டாவைப் பிய்த்துத் தின்றேன். தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு இறங்கி வந்து நாலு தினை கொத்தியது.

ஃபின்ச் வளர்ப்பவர்களே, இதை ஒரு நாளைக்கு எத்தனை வேளை செய்ய வேண்டும்? நான் இப்போதெல்லாம் ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன்.