முப்பத்து நான்கு மீட்டர்

போன மாதம் நெரவியிலிருந்து சேகர் போன் செய்தார். எங்கள் கல்லூரி கால்பந்து அணியின் அந்நாளைய கோல்கீப்பர். இன்று பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர்.

"யோவ் பத்திரிகை... பழைய பசங்களுக்கும் இப்ப படிக்கிற பசங்களுக்கும் மேட்ச் வெக்கிறோம். மலரும் போடறோம். லூர்து அண்ணனப் பத்தி ஒரு பக்கம் வேணும். படிச்சா கண்ணு கலங்கணும், ஆமா."

கண் கலங்க வைப்பதா கஷ்டம்? எத்தனை வருடத் தொழில்! ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தேன். கடற்காற்றை நெஞ்சில் வாங்கிய கேப்டன்... டாஸில் ஜெயித்தால், முதல் பாதியில் காற்றை எதிர்த்து ஆடும் பக்கத்தையே எப்போதும் கேட்ட தீரன்... அஞ்சாமை, தியாகம், இத்யாதி.

அனுப்புவதற்கு முன் ஒரு பழக்கம் குறுக்கே வந்தது. செய்தியைச் சம்பந்தப்பட்டவரிடம் சரிபார்க்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் தலத்தெருவில்தான் இருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ பிடித்தேன்.

லூர்துசாமி. எனக்கு நான்கு வயது மூத்தவர். அவர் கேப்டனாக இருந்த அணியில் நான் ரிசர்வ் ஆட்டக்காரன் – அதாவது, பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எழுதியவன். அவருடைய இடது காலைப் பார்ப்பதற்கென்றே ஊர் மைதானத்துக்கு வரும். போன வருடம் பக்கவாதம் வந்தது. அதுவும் இடது பக்கத்தில்.

கண்ணாடி போட்டுக்கொண்டு என் பக்கத்தை நிதானமாகப் படித்தார். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த ரீட்டா அண்ணி கையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா எழுதியிருக்க" என்றார் லூர்து அண்ணன். "அடக்கம் எத்தினி மணிக்கு?"

அண்ணி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தால்... உண்மைதான். உயிரோடு இருக்கும் மனிதருக்கு இரங்கல் எழுதியிருக்கிறேன்.

"அதுவும் தப்புத் தப்பா" என்று தொடர்ந்தார். "தீரமாவது ஒண்ணாவது. கணக்குய்யா அது. நாலு மணி மேட்ச்சு. கடக்காத்து நிக்காம கெழக்கேர்ந்து அடிக்கும். மொதல் பாதில ஒடம்புல தெம்பு இருக்கும், எதுத்து ஆடிடலாம். ரெண்டாவது பாதில காலு கெஞ்சும். அப்ப காத்து நம்ம முதுகுல இருக்கணும். இதுல எங்கேர்ந்து வந்துது அஞ்சாமை?"

நாற்பது வருடங்களாக நான் வீரம் என்று நினைத்துக்கொண்டிருந்தது, ஓர் இளைஞன் போட்ட கணக்கு. ஒருவருக்கு வீரர் என்று பட்டம் கொடுத்துவிட்டால் ஒரு வசதி இருக்கிறது – அவர் எப்படி யோசித்தார் என்று நாம் கேட்க வேண்டியதே இல்லை.

"சரி, ஃபைனல எங்க காணும்?" என்றார்.

ஃபைனலை நான் எழுதவில்லை. அதில் நாங்கள் தோற்றோம். தோல்விக்கு மலரில் யார் இடம் கொடுப்பார்கள்?

நடந்தது இதுதான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். எங்கள் மைதானத்திலேயே நடந்தது. சிறப்பு விருந்தினர் மதியம் ஊருக்குப் போக வேண்டும் என்பதற்காக, நாலு மணி ஆட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு மாற்றிவிட்டார்கள். ஆடி மாதக் காலை. மேற்கிலிருந்து வயல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று. லூர்து அண்ணன் டாஸ் ஜெயித்தார். வழக்கம்போல எதிர்காற்றுப் பக்கத்தைக் கேட்டார். நாற்பத்தைந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினோம். கோல் விழவில்லை. இடைவேளையில் எங்களுக்கு ஒரே குஷி. இனிமேல் காற்று நம் பக்கம்!

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேல்காற்று அடங்கியது. கொஞ்ச நேரம் எதுவுமே அசையவில்லை. பிறகு கிழக்கே கொடிக்கம்பத்தில் கயிறு அடிக்கும் சத்தம் கேட்டது. கடற்காற்று ஏறிவிட்டது.

நாங்கள் பக்கம் மாறினோம். காற்றும் மாறிவிட்டது. மறுபடி எதிர்காற்று.

"உச்சி நேரத்துக்குக் காத்து திரும்பும்னு இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார் லூர்து அண்ணன். "நான் நாலு மணிக் கணக்க பதினோரு மணிக்குப் போட்டுட்டேன். தப்பு என்னுது. அதையும் எழுது."

அன்று இடைவேளையில் யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை. அவர் எங்களை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னது என் நோட்டில் இருக்கிறது.

"தண்ணி குடிச்சாச்சா? எழுந்திரிங்கடா. இன்னொரு தடவ மொதல் பாதி ஆடுவோம்."

ஆடினார்கள். எண்பத்தாறாவது நிமிடம் வரை கோல் இல்லை. எண்பத்தேழில் ஒன்று விழுந்தது. அது ஆஃப்சைடு என்பது சேகரின் கருத்து. இன்று வரை மாறவில்லை.

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் நான் பக்கத்தைத் திருத்தி எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் லூர்து அண்ணனுக்கு ஒரு வேலை இருந்தது.

பழைய மாணவர் ஆட்டத்தில் டாஸ் போடுவது அவர்தான். சேகர் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்திருந்தார். லூர்து அண்ணன் மறுத்துவிட்டார். டச் லைனிலிருந்து மைதானத்தின் நடுப்புள்ளி வரை நடந்தே போவாராம். முப்பத்து நான்கு மீட்டர். சேகரை விட்டே டேப் வைத்து அளந்துவிட்டார். தலத்தெருவில் அவர் வீட்டு கேட்டிலிருந்து அளந்தால் தெருவின் டிரான்ஸ்பார்மரில் முடிகிறது.

சேகர் எனக்குப் போன் செய்வதற்கு இரண்டு மாதம் முன்பே, அந்த டிரான்ஸ்பார்மர் வரை அவர் ஒரு தடவை நடந்தும் விட்டார். அடுத்த வாரமே பாத்ரூமில் விழுந்தார். இடுப்பு எலும்பில் விரிசல். ஆறு வாரம் படுக்கை. எழுந்தபோது நடை மறுபடி பூஜ்யம். நான் போன அன்று, வாக்கரைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வீடு வரைதான் போக முடிந்தது. டாஸுக்கு ஒன்பது நாள் இருந்தது.

"நாற்காலியில போனா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"போட்டோ நல்லா வரும். ஆனா டாஸ் போடப் போறவன் நடந்துதான்யா போவணும்."

"விழுந்தப்ப பயம் வரலியா?"

"காத்து திரும்பிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார்.

"அதத்தான் தம்பி என்கிட்டயும் சொன்னாரு" என்றார் ரீட்டா அண்ணி. "ஆஸ்பத்திரி கட்டில்ல கெடந்துக்கிட்டு, இன்னொரு தடவ மொதல் பாதி ஆடுவோம் ரீட்டான்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஒரு மேட்ச்சத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். ஜெயிச்ச மேட்ச்சு எதுவும் இல்லியாங்க ஒங்களுக்கு?"

"இருக்கு. அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

அந்த ஒன்பது நாளில் நான் மூன்று தடவை தலத்தெருவுக்குப் போனேன். கட்டுரைக்காக என்று வீட்டில் சொன்னேன். முதல் தடவை நாலாவது வீடு. அடுத்த தடவையும் நாலாவது வீடு; அன்று திரும்பும்போது முழங்கால் நடுங்கியது, அண்ணி கையை நீட்டினார், அவர் பிடிக்கவில்லை. கடைசித் தடவை குழாயடி தாண்டி ஆறாவது வீட்டு வாசல். அதற்கு மேல் இன்னும் எட்டு மீட்டர் இருந்தது. டிரான்ஸ்பார்மரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

பக்கத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். அஞ்சாமை போய்விட்டது. ஃபைனல் வந்துவிட்டது. சேகருக்குத் திருப்தி இல்லை.

"மலர்ல போயி தோத்ததப் போடறியே... சரி, ஆஃப்சைடுன்னு ஒரு வரி சேத்துக்க."

சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணி. கடற்காற்று ஷாமியானாவைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதன் பின்னால் சேகர் சக்கர நாற்காலியைத் தயாராக மறைத்து வைத்திருந்தார். "ஒரு சேஃப்டிக்கு" என்றார் என்னிடம், ரகசியமாக. கீப்பர் புத்தி எங்கே போகும்?

நடுவரும் இரண்டு கேப்டன்களும் மைதானத்தின் நடுவில் நின்றார்கள். லூர்து அண்ணன் டச் லைனில் வாக்கரை ஊன்றினார். ஒரு கை தூரத்தில் அண்ணி. தொடவில்லை.

கைதட்டல் முதல் பத்து மீட்டர் வரை இருந்தது. பிறகு குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. மெதுவாக நடக்கும் ஒருவருக்கு எவ்வளவு நேரம்தான் கை தட்டுவது? எல்லோரும் பார்க்க மட்டும் செய்தார்கள். அதுதான் சரி என்று எனக்குப் பட்டது.

பாதி தூரத்தில் ஒரு முறை நின்றார். நகர்ந்தார். குழாயடி தூரம் வந்தது. ஆறாவது வீடு வந்தது. அங்கே மறுபடி நின்றார். இந்தத் தடவை வெகுநேரம். இடது கால் புல்லில் இழுபட்டு, வாக்கர் லேசாகச் சாய்ந்தது. அண்ணியின் கை உயர்ந்தது. நடுவர் நல்ல மனிதர் – காசை எடுத்துக்கொண்டு அவரை நோக்கி இரண்டு அடி வைத்தார். டாஸை அங்கேயே போட்டுவிடலாமே?

லூர்து அண்ணன் வாக்கரிலிருந்து வலது உள்ளங்கையை எடுத்துக் காட்டினார். அங்கேயே நில்லுங்க.

நடுவர் பின்னால் போய்விட்டார்.

அந்த எட்டு மீட்டருக்கு மூன்று நிமிடம். நான் கடிகாரம் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் இருபது நிமிடம் என்று எழுதியிருப்பேன்.

நடுவர் கொடுத்த காசை லூர்து அண்ணன் சுண்டினார். மாணவர் கேப்டன் ஜெயித்து, முதல் பாதியில் காற்று முதுகில் இருக்கும் பக்கத்தைக் கேட்டார். லூர்து அண்ணன் தலையை லேசாக ஆட்டிக்கொண்டார்.

சேகர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "முடிஞ்சுதுண்ணே! ஜெயிச்சாச்சு! உக்காருங்க, போலாம்."

லூர்து அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். ஷாமியானாவைப் பார்த்தார். வாக்கரை மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக, வந்த திசைக்குத் திருப்பினார்.

"தள்ளி நில்லுடா. இப்ப இடைவேளதான்."

ஆட்டம் பதினாறு நிமிடம் தாமதமாகத் தொடங்கியது.