குறி போடாத பட்டியல்

அந்த வருஷத்துக்குள் ஒரே ஒரு காரியத்தையாவது முழுதாக முடித்துவிட வேண்டும் என்றிருந்தான் கர்ட்டிஸ் நோவிட்ஸ்கி. டொலீடோவில் அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன். அனுப்பிய அறுபது விண்ணப்பங்களில் ஒன்றுக்கும் பதில் இல்லை. பீட்சாக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். படித்து என்ன கண்டாய் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவனேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

முடிக்கக்கூடியதாக மிச்சமிருந்தது ஆட்டக்காரர் படம் அச்சிட்ட 1978ஆம் வருஷத்து பேஸ்பால் அட்டைத் தொகுப்பு. வாரத்துக்கு ஐந்து டாலர் என்று ஒதுக்கி, மூலை மடங்கியது, கறை பட்டது என்று பாராமல் சேர்த்திருந்தான். பாக்கி ஒன்றே ஒன்று, பட்டியல் அட்டை. அதில் ஆட்டக்காரர் படம் கிடையாது. 243 முதல் 363 வரையான அட்டைகளின் எண்களும் பெயர்களும், பக்கத்தில் குட்டிக் கட்டங்களும்தான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாரும் தங்களிடம் இருப்பவற்றுக்குக் கட்டங்களில் பேனாவால் குறி போட்டுத் தொலைத்திருந்தார்கள். குறி போடாததற்குக் கடைக்காரி லோர்னா பன்னிரண்டு டாலர் சொன்னாள். குறி போட்டது சில்லறைப் பெட்டியில் கால் டாலருக்குக் கிடந்தது.

"உன் அட்டைங்க இருக்கிற லட்சணத்துக்கு இது போதும் தம்பி," என்றாள்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று வாரம் பஸ்ஸை விட்டுப் பனியில் நடந்து, குறி போடாததையே வாங்கினான். வாங்கியதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினான். அதுதான் தப்பு.

அப்பா ஸ்டானை கார் ஆலையிலிருந்து ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பி எட்டு மாதமாகியிருந்தது. கர்ட்டிஸ் திரும்பி வந்தபோது மேசை முழுக்க அட்டைகள். அப்பா கையில் நீலப் பேனா.

"எல்லாம் இருக்கான்னு சரிபார்த்துட்டேன்டா."

பட்டியலில் நூற்றுக்கு மேல் குறிகள், ஆலையின் சோதனைத் தாளில் போடுவதுபோல ஒரே சீராக. கர்ட்டிஸ் நாற்காலியில் சரிந்தான். எழுதாமல் இருந்தால்தான் அதற்குப் பன்னிரண்டு டாலர் மதிப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினான். அப்படியானால் கட்டம் எதற்குப் போட்டிருக்கிறான் என்றார் அப்பா.

"எழுதாத பட்டியலுக்குப் பன்னிரண்டு டாலரா? காலேஜ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

இதுவரை வீட்டில் யாரும் கேட்காத கேள்வி. கர்ட்டிஸ் அட்டைகளை அள்ளத் தொடங்கினான்.

"அத விடு. 341 எங்கடா?"

ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. 314ஆம் அட்டை இரண்டு இருந்தது. 341 இல்லவே இல்லை. நோட்டுப் புத்தகத்தில் அவன்தான் எண்ணை மாற்றி எழுதி, இருக்கிறது என்று நம்பியிருந்தான். யார்மேல் கோபப்படுவது என்றுகூட இப்போது தெரியவில்லை.

சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போய் லோர்னாவின் சில்லறைப் பெட்டியைக் கிளறினார்கள். அப்பாதான் கண்டெடுத்தார். கால் டாலர்.

வீட்டில் அட்டையை அதனிடத்தில் செருகிவிட்டு, கர்ட்டிஸ் பேனாவுக்குக் கை நீட்டினான். அப்பா பென்சிலைக் கொடுத்தார்.

"இதுல போடு. வேணும்னா அழிச்சுக்கலாம்."

கர்ட்டிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தான். எட்டி அந்த நீலப் பேனாவையே எடுத்து, அந்தக் காலிக் கட்டம் கிழிகிற மாதிரி அழுத்திக் குறி போட்டான்.