ஜெயம்மாவின் சட்டியும் இருபத்தைந்து சதவீதமும்

"எத்தினியோ கவுர்மெண்ட்டு மாறிச்சு, எத்தினியோ சட்டம் வந்துச்சு. தொண்ணூத்தி நாலுல அடுப்புல ஏத்துன இந்தச் சட்டி மட்டும் ஒரு நாளும் காலியானது கெடையாது. இனிமேலும் ஆவாது. எழுதிக்கோ சார்!"

ஆந்திர எல்லையோரப் புத்தூரில், பேருந்து நிலையத்தின் பின்பக்கம் போண்டாக் கடை வைத்திருக்கும் ஜெயம்மா, 2019 தை மாதத்தில், உணவுப் பாதுகாப்பு அதிகாரியின் முகத்துக்கு நேரே இப்படி அறிவித்தார். அதிகாரி உண்மையிலேயே எழுதிக்கொண்டார். அதற்கென்று அவரிடம் ஒரு படிவம் இருந்தது.

ஜெயம்மா சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நாகலாபுரத்துப் பக்கம் கூலிக் குடும்பத்தில் பிறந்து புத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். அவர் கடை போட்ட சமயத்தில்தான் இந்தியா தன் பொருளாதாரக் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவு வழியாக அவருடைய கணவர் சம்பத் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனார். வெளிநாட்டுப் பாமாயில் உள்ளே வந்தது. இரண்டில் எது குடும்பத்துக்கு உதவியது என்று கேட்டால் ஜெயம்மா யோசிக்காமல் பாமாயில் என்பார். அதுதான் மாதம் தவறாமல் வந்தது.

தொழில்முறை எளிமையானது. மாலையில் அடுப்பை அணைத்தால் சட்டியில் பாதி எண்ணெய் மிஞ்சும். காலையில் அதன் மேலேயே புது எண்ணெய். "புதுசுல மட்டும் போட்டா போண்டா காமாலை வந்தவன் மாதிரி வெளுத்துக்கினு வரும். பழசு இருந்தாத்தான் செவப்பு புடிக்கும்" என்பது அவர் கண்ட விஞ்ஞானம். எலும்பு முறிந்து புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறவர்கள் ஒரு கையில் கட்டும் மறு கையில் போண்டாவுமாக அந்த விஞ்ஞானத்தை இருபத்தைந்து வருடமாக ஆமோதித்து வந்தார்கள்.

அதிகாரி வந்ததற்கு முந்தைய வருடம்தான் சட்டம் வந்திருந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் கெட்டுப்போன பகுதி இருபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அப்படிப்பட்ட எண்ணெய் பயோடீசல் செய்யப் போகட்டும் என்பது அரசின் ஏற்பாடு. ஒரே ஏற்பாட்டில் வயிற்றையும் காப்பாற்றி லாரியையும் ஓட்டிவிடும் திட்டம்.

அந்தச் சதவீதத்தை அளக்கும் மீட்டரை அதிகாரி சட்டியில் விட்டார். எண் ஏறிக்கொண்டே போய் நாற்பதில் நின்றது.

"பாத்தியா சார், நின்னுடுச்சு!"

"எண்ணெய் நல்லாயிருக்குன்னு நிக்கலம்மா. இதுல நாற்பதுக்கு மேல நம்பரே லேது." தெலுங்கு கலந்த தமிழில் சொல்லிக்கொண்டே அதிகாரி மீட்டரைத் துடைத்தார். துணிதான் கறுத்தது. "சூடம்மா, இங்க பாரு, முப்பது நாள் டைம். பழைய எண்ணெயை பயோடீசல் ஆள்கிட்ட கொடுத்து ரசீது வாங்கி வை. ரசீது இல்லன்னா லைசென்ஸ் புதுப்பிக்க மாட்டேன். கடையை மூடவேண்டியதுதான்."

கடை மூடினால் திருப்பதியில் நர்சிங் படிக்கும் மகள் தரணியின் படிப்பும் அத்தோடு மூடும். குவைத் பணம் நின்று நாலு வருடமாகிறது. அதனால் ஜெயம்மா கீழ்ப்படியவே விரும்பினார். கொடுக்கத்தான் ஒன்றும் இல்லை. கழிவைக் கொடு என்கிறது சட்டம். அவர் தொழிலிலோ கழிவே கிடையாது. ஊற்றிய எண்ணெய் அத்தனையும் போண்டாவோடு போய்விடுகிறது; சட்டியில் மிஞ்சுவதும் மறுநாள் செவப்புக்கு வேண்டும். சுற்றுச்சூழல் மாநாடுகள் இன்றும் கனவு காணும் அந்த நிலையை அவர் தொண்ணூற்று நாலிலேயே எட்டியிருந்தார்.

புத்தூரில் எல்லாப் பலகாரக் கடைக்காரர்களுக்கும் இதே சங்கடம். கட்டுப்பாடு வந்தால் புதுமை பிறக்கும் என்று நிபுணர்கள் சொல்வது பொய்யல்ல. எட்டாம் நாளே பிறந்தது. அடுத்த தெரு பஜ்ஜிக் கடை நாகபூஷணம், புதுப் பாமாயிலில் டீத்தூளையும் கருகிய மிளகாயையும் போட்டு அரை நாள் கொதிக்கவைத்து, 'ரெடிமேட் பழைய எண்ணெய்' விற்க ஆரம்பித்தார். ரசீது வேண்டியவர்கள் வரிசையில் நின்றார்கள். அந்த வாரம் புத்தூரில் பழைய எண்ணெய் புது எண்ணெயைவிட விலை கூடுதல்.

ஜெயம்மாவும் ஐந்து லிட்டர் வாங்கி, முரளிதரன் முன்னால் வைத்தார். முரளிதரன் சத்தியவேடு பக்கத்து பயோடீசல் ஆலைக்குச் சிறு வேனில் எண்ணெய் சேகரிப்பவர். முன்பு இதே தெருவில் இருபது வருடம் பாமாயில் டின் இறக்கியவர். இப்போது நீலக் கேன் ஏற்றுகிறார்.

"எந்தக் கடை, எந்தச் சட்டின்னு எழுதணும் யக்கா. நெசமான கழிவா இருந்தாத்தான் ஆலையில எடுப்பாங்க."

"என் சட்டிதான். எழுதிக்கோ."

முரளிதரன் ஒரு சொட்டை விரலில் தொட்டு நக்கினார். "இது உன் எண்ணெய் இல்ல."

"எப்டிரா சொல்ற?"

"உன் எண்ணெய இருபது வருசமா துன்னுகினு கீறேன், எனக்குத் தெரியாதா? இது நாகபூஷணம் காய்ச்சுன கஷாயம். காலையிலருந்து இது ஆறாவது கேன்."

வேறு வழியில்லாமல் ஜெயம்மா தன் சட்டியிலிருந்தே ரெண்டு கரண்டி மொண்டு கொடுத்தார். முரளிதரன் அதில் ஒரு காகிதத் துண்டை நனைத்து, நிறம் பார்த்து, முகம் மாறினார்.

"யக்கா, இது ஆலைக்கு ஆவாது."

"ஏன் ஆவாது?"

"புளிப்பு ஏறிப்போச்சு. இத டீசல் பண்ணப் போனா சோப்பாயிடும்."

"சோப்பா? அப்ப என் போண்டா துன்னா வயிறு சுத்தமாவும்னு போர்டு எழுதி வை!"

சிரித்தது ஜெயம்மா மட்டும்தான். முரளிதரன் அதைக் காலிக் குப்பியில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் திரும்பி வந்தபோது அவர் நடையிலேயே ஒரு மரியாதை இருந்தது. ஆலையின் இன்ஜினீயர் பத்மினி இன்னும் ஒரு லிட்டர் கேட்டாராம். புது எண்ணெயை ஆலை தொடக்கூடாது, கழிவை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்கு இருந்த நிபந்தனை. நல்ல கழிவு சுற்றுவட்டாரத்தில் கிடைக்கவில்லை. அதனால் மட்டமானதையும் டீசலாக்கும் வழியை அந்த அம்மாள் தேடிக்கொண்டிருந்தார். சோதனைக்கு இருப்பதிலேயே மட்டமான எண்ணெய் தேவைப்பட்டது. மாவட்டம் முழுக்கத் தேடியதில் முதலிடம் ஜெயம்மாவுக்கு.

"குப்பியில 'ஜெ-ஒண்ணு'ன்னு சீட்டு ஒட்டி வச்சிருக்காங்க யக்கா. இது டீசலாயிட்டா வேற எந்த எண்ணெயும் ஆவுமாம்."

அன்றிலிருந்து ஜெயம்மா பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர்போல் தினமும் வேனை மறித்தார்.

"பாஸா?"

"சோப்பு."

இரண்டு நாள் கழித்து மறுபடியும். "பாஸா?"

"இன்னும் சோப்புதான் யக்கா."

"நம்ம எண்ணெய் லேசுல மசியாது" என்று போண்டா வாங்க வந்தவர்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டார்.

இருபத்தேழாம் நாள் முரளிதரன் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்தார். உள்ளே தேன் நிறத்தில் தெளிந்த திரவம். முதலில் தனித் தொட்டியில் மெத்தனாலோடு கொஞ்சம் ஆசிட் சேர்த்துப் புளிப்பை முறித்து, அதன் பிறகு வழக்கம்போல் செய்ததில் டீசல் வந்துவிட்டது. அந்தத் தொட்டியை ஆலை நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளப் போகிறது.

"பாஸ் யக்கா! இனிமே உன் சட்டியில எவ்ளோ கீதோ அவ்ளோவும் எடுத்துக்குவோம்."

ஜெயம்மா குப்பியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"முரளி, நெசத்தச் சொல்லு. லாரிக்கு ஊத்தவே ஆசிட்ல முறிக்கணும்னா, கட்டுப் போட்டுக்க வர்றவங்களுக்கு நான் இன்னாத்தத் துன்னக் குடுத்தேன்?"

"விடு யக்கா. இருபது வருசமா துன்னேனே, நான் நல்லாத்தான் கீறேன்" என்ற முரளிதரன், சட்டைப்பையிலிருந்து வாயு மாத்திரை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்று ஜெயம்மா அவருக்கு போண்டா கொடுக்கவில்லை. கேட்டதற்குத் தீர்ந்துவிட்டது என்றார். தட்டில் நாலு இருந்தன.

இருபத்தொன்பதாம் நாள் சட்டியிலிருந்த பதினோரு லிட்டருக்கு ரசீது கிடைத்தது. லைசென்ஸும் புதுப்பித்தாயிற்று. தரணிக்குக் கட்டணம் போனது. அரக்கோணத்திலிருந்து கட்டு மாற்றிக்கொள்ள வந்த ஒருவர் போண்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னாம்மா, இப்டி வெளுத்துக் கெடக்குது?" என்றார்.

"மாவு மாத்திட்டேன்."

அதிகாரி அதன்பின் ஆறு மாதத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. முரளிதரன் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். ஆனாலும் புது எண்ணெய் ஊற்றிய மூன்றாம் நாள் காலையில், பக்கத்துக் கடைகள் திறக்கும் முன்பே ஜெயம்மா சட்டியை இறக்கினார். உள்ளே கருமை லேசாகத்தான் தட்டியிருந்தது. இன்னும் ஒரு நாள் ஓட்டலாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, எண்ணெயைத் துணியில் வடிகட்டி நீலக் கேனில் ஊற்றி மூடினார். பிறகு சட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சாம்பலை அள்ளித் தேய்க்க உட்கார்ந்தார்.