மூணாம் நம்பரில் ஒரு மிக்சி

வலது காதை மிக்சியின் வயிற்றில் ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் ரசாக். குமிழ் மூன்றாம் நம்பரில் இருக்கிறது. பலகை மேல் கிடக்கும் திருகாணிகள் நடுங்குகின்றன. மிக்சிக்குச் சொந்தக்கார அம்மாள் ஏதோ கேட்க, ஒற்றை விரலை உயர்த்திப் பொறுக்கச் சொல்கிறார். அணைத்த பிறகுதான் தீர்ப்பு வருகிறது.

"உள்ள ஒரு சாமான் போயிருச்சுங்க அம்மணி."

"என்ன சாமானுங்க?"

"அதானுங்க, உள்ள சுத்துமல்ல, அது."

"பேரிங்குங்களா?"

"ஆமாங்க, அதேதான். நாளைக்கு வாங்க."

சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால், பேக்கரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், பத்துக்கு எட்டடி இடத்தில் ரசாக் இருபத்தாறு வருடமாக மிக்சி பார்க்கிறார். வயது ஐம்பத்திரண்டு. நாளொன்றுக்கு ஐந்து பேரிங்காவது மாற்றுவார். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது. காந்திபுரத்துக்குச் சாமான் வாங்கப் போனாலும் "ஆறு சைபர் எட்டு ஒரு டஜன் குடுங்க" என்று நம்பரைச் சொல்லித்தான் வாங்குகிறார். வாடிக்கைக்காரர்கள் இதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் அப்படிச் சிரித்துவிட்டுப் போகலாம். என்ன செய்வது, காரணம் எனக்குத் தெரிந்து தொலைத்திருக்கிறது.

இந்த மனிதர் ஒரு ராக் இசைக்குழுவின் பரம ரசிகர் என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்லூரி விடுதியில் கிரைண்டர் ரிப்பேருக்குப் போயிருக்கிறார். பக்கத்து ஹாலில் பெருஞ்சத்தம். "மோட்டாரு எரியுதாட்ட இருக்குன்னு ஓடிப்போயிப் பாத்தேனுங்க டீச்சர். பாத்தா அஞ்சு பசங்க பாடிட்டு நிக்கறானுங்க! பாட்டுங்க அது! போன வேலையை மறந்துபோட்டு அங்கயே உக்காந்துட்டேன்." அந்த ஐந்து பேர்தான் 'ஊடு' இசைக்குழு. பெயரைக் கேட்டதுமே மனுஷனுக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டை ஊடு என்று சொல்லும் நம் வாயை, அப்படியே மேடையேற்றிய பையன்கள். பாடகர் ஆல்வின் சிங்காநல்லூர்க்காரர் வேறு.

அன்றிலிருந்து உள்ளூரில் அவர்கள் பாடிய ஒரு நிகழ்ச்சியையும் ரசாக் விட்டதில்லை. கடைச் சுவரில் அவர்களுடைய முதல் ஆல்பத்தின் போஸ்டர் இருக்கிறது. அதில் ஆல்வினின் கன்னத்தில் ரசாக்கின் கிரீஸ் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. இடது காதில் எப்போதும் பஞ்சு அடைத்திருப்பார். "வலது காது சோத்துக்குங்க, இடது காது பாட்டுக்கு. அதைக் கெடுத்துக்கப்படாதுங்க" என்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் கை தானாகக் குமிழுக்குப் போகும். மனைவி ரம்லா போனில் கூப்பிட்டு, "கறி வாங்கியாச்சா?" என்றால், உடனே மிக்சி அலறும். "ஒண்ணுங் கேக்கல ரம்லா, வேலையா இருக்கறேன், வெச்சர்றேன்!" ரம்லாவுக்கு இது தெரியாதா என்ன? "நிக்காஹ் அன்னைக்கே ஒரு மிக்சி இருந்திருந்தா தப்பிச்சிருப்பாருங்க டீச்சர்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

ஊடு குழுவின் புது ஆல்பம் போன மாதம் வந்தது. அதிலிருந்து சனிக்கிழமைகளில் இந்தக் கடையில் ரிப்பேர் நடப்பதில்லை, பஞ்சாயத்துதான் நடக்கிறது. பல்லடத்திலிருந்து கோழித்தீவன வண்டி ஓட்டிவரும் எழில், வண்டியைப் பேக்கரி முன்னால் நிறுத்திவிட்டுத் தேங்காய் பன்னோடு உட்கார்ந்துவிடுவார். அவர் பழைய கட்சி. ரசாக்கின் மகள் மிஸ்பா, பி.காம். கடைசி வருடம், புதுக் கட்சி. ஆல்வின் விலகி, அவர் பின்னாலேயே டிரம்ஸ் வாசித்த அஃபானும் விலகி, அந்த இடத்துக்குச் சென்னையிலிருந்து சாய்சரண் என்ற பாடகரும் ஒரு கீபோர்டும் வந்ததுதான் வழக்கு.

"குழுவோட பேரு ஊடு. பாடறவன் வீடுங்கறான். சொந்தப் பேரைச் சொல்லத் தெரியாத பையனை எதுக்குங்க மேடையேத்தோணும்?" என்று எழில் தொடங்குவார். நியாயம்தான். குழுவின் பழைய பாட்டு ஒன்றைப் புது ஆல்பத்தில் திரும்பப் பாடியிருக்கிறார்கள். 'ஊடு வந்து சேருல, வண்டி நின்னு போச்சு' என்று ஆல்வின் அடிவயிற்றிலிருந்து இழுத்த இடத்தில், சாய்சரண் 'வீடு' என்று பல் படாமல் பாடுகிறார். அந்த ஓர் எழுத்துக்காக ரசிகர்களின் வாட்சப் குழு இரண்டாக உடைந்துவிட்டது. நான் இரண்டிலும் இருக்கிறேன். வேறு வேலை இல்லையா என்று என் வீட்டில் கேட்கிறார்கள்.

மிஸ்பா விடமாட்டாள். "ஏனுங்ணா, சிங்காநல்லூருக்கு வெளியிலயும் ஆளுக இருக்கறாங்க. அவங்களுக்கும் புரியோணுமல்ல? சாய்சரண் சுதி எப்பிடி நிக்குது பாருங்க. ஆல்வின் அண்ணன் கடைசியில பாடுன பாட்டைக் கேட்டீங்களா? காதுல ரத்தம்."

"அது அவரு குத்தமில்ல கண்ணு! அந்தப் பேரிங்கு மேட்டரைக் கெளப்பிவுட்ட பரதேசி எவனோ, அவன் குத்தம். அவன் மட்டும் என்ற கையில கெடைச்சான்னா..."

இந்த இடத்தில் மிக்சி அலறும். ஒவ்வொரு சனிக்கிழமையும் சரியாக இந்த இடத்தில்தான். எழில் வாயை அசைத்தபடி பன்னைக் கடித்து முடிப்பார். அணைத்த பிறகு ரசாக் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதாவது சொல்வார். ஒருமுறை இப்படிச் சொன்னார்: "புதுப் பையன் பாடறதுல ஒரு பிசிறு இல்லீங்க. சத்தமே வராத மிக்சியாட்ட இருக்குது. அரைக்குதா இல்லையான்னே தெரிய மாட்டீங்குதுங்க."

அந்தப் பரதேசி எவன் என்று அந்தக் கடையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

முந்தின வருடம் மார்கழியில் அவினாசி ரோட்டு மண்டபம் ஒன்றில் ஊடு பாடியது. அந்த 'ஊடு வந்து சேருல' வரியில் ஆல்வினின் குரல் மூன்று தடவை உடைந்தது. நாங்கள் கூடச் சேர்ந்து பாடி ஒப்பேற்றினோம். மறுநாள் காலை, கடை திறந்து முதல் மிக்சியைத் தொடுவதற்கு முன்னால், ரசாக் எங்கள் வாட்சப் குழுவில் இரண்டு வரி எழுதினார்: 'ஆல்வினுக்கு பேரிங் போயிருச்சுங்க. மாத்திப்போட்டா வண்டி இன்னும் பத்து வருசம் ஓடும்.' அப்போது குழுவில் இருபது பேர்கூட இல்லை. எழிலெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவர். சிரிப்பு பொம்மை போட்ட முதல் ஆள் நான். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சித்திரம் எழுத எனக்கு அருகதையில்லை.

பொல்லாத மனதோடு எழுதியதல்ல அது. அத்தனை வருடமாக ரசாக் அதே வாக்கியத்தைத்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தார். அவர் தொழிலில் அது நல்ல சேதி. மோட்டார் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் அதை வெட்டி, எழுதினவர் பெயரை விட்டுவிட்டு, துருப்பிடித்த பேரிங்குக்குள் ஆல்வின் முகத்தை வைத்து ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். ஒரே வாரத்தில் அது ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த நிகழ்ச்சி திருப்பூரில். ஆல்வின் மேடையேறியதுமே முன்வரிசைப் பையன்கள், "பேரிங்கு! பேரிங்கு!" என்று கத்தினார்கள். கத்தக் கத்த ஆல்வின் வீம்புக்கு இன்னும் மேலே ஏறிப் பாடினார். நானும் ரசாக்கும் ஆறாவது வரிசையில் இருந்தோம். நாலாவது பாட்டில் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கைத் தாங்கியில் பொறுமையாக மாட்டிவிட்டு இறங்கிப் போனார். அன்றோடு அவர் பாட்டு முடிந்தது.

தொண்டையில் சின்னக் கட்டி இருந்ததாம். மூன்று மாதம் பேசாமல் பாடாமல் இருந்தால் தானாகக் கரையும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். டிக்கெட் வாங்கினவர்களை ஏமாற்றக் கூடாதென்று பாடியிருக்கிறார். இதெல்லாம் அவர் விலகிய பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

"மூணே மாசமுங்க டீச்சர்" என்று ரசாக் அதைக் கேட்ட அன்று சொன்னார். "சும்மா உட்டிருந்தாச் செரியாயிருக்குமுங்க. மிக்சிக்கு மாத்தோணும். மனுசனுக்கு மாத்தோணும்னு சொன்ன என்ற வாயை எதுல கொண்டுபோயி வெக்கறதுங்க?" சொல்லிவிட்டு அழுதார். ஐம்பது வயது ஆள் தேம்பியதைப் பார்த்து ஜெராக்ஸ் கடைப் பெண் எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்துதான் அந்தச் சொல் அவர் வாயில் வருவதில்லை.

ஆல்வினிடம் நேரில் போய், எழுதினது நான்தான், மன்னித்துவிடு என்று சொல்ல வேண்டும். ரசாக்குக்கு வாழ்க்கையில் பாக்கி இருக்கும் காரியம் இது ஒன்றுதான் என்று எனக்குச் சில சமயம் தோன்றும். ஆல்வினின் வீடு கடையிலிருந்து நாலு தெரு. மூன்று தடவை தெருமுனை வரை போய்த் திரும்பியிருக்கிறார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். நானும்தான் திரும்பி வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜாருக்கு மூடி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். ஒருவர் துணிப்பையில் மிக்சியோடு வந்து பலகையில் வைத்தார். ஒட்ட வெட்டின தலை, கட்டம் போட்ட சட்டை. "சத்தம் வருதுங்ணா. கொஞ்சம் பாருங்க" என்றார். பேச்சு வெறும் காற்றாக வந்தது. அந்தக் குரலை வைத்து யாரும் அவரை அடையாளம் கண்டிருக்க முடியாது. ரசாக் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். ஆல்வினும் திரும்பி, கிரீஸ் ரேகை பதிந்த தன் பழைய முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ரசாக் மிக்சியைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினார். காதை வைத்துப் பார்க்கவே இல்லை.

"பேரிங்குங்களாண்ணா?" என்றார் ஆல்வின்.

ரசாக் கழற்றின திருகாணிகளைப் பலகையில் வரிசையாக அடுக்கினார்.

"போயிருந்தா மாத்திருங்க. பரவால்லீங்க." லேசாகச் சிரித்தார். தெரிந்து கேட்டாரா, எல்லோரையும்போலச் சும்மா கேட்டாரா, சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

"மாத்த வேண்டாமுங்க" என்றார் ரசாக். "கழுவி எண்ணெய் உட்டாப் போதுமுங்க. ஓடுமுங்க." தேய்ந்த பேரிங்கை அவர் திரும்பப் போட்டு இதுவரை நான் பார்த்ததில்லை. அன்று அதை மண்ணெண்ணெயில் கழுவினார், ஒவ்வொரு குண்டாகச் சுற்றிப் பார்த்தார், தன் சட்டை நுனியால் துடைத்தார், புதுக் கிரீஸ் வைத்து உள்ளே பொருத்தினார். அரை மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஆல்வின் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, போக முடியாமல் அங்கேயே நின்றேன்.

எல்லாம் மாட்டி முடித்து, காலி ஜாரை வைத்துக் குமிழை மூன்றுக்குத் திருகினார். கடை அதிர்ந்தது. அப்போதுதான் முதல் தடவையாக ஆல்வினை நேருக்கு நேர் பார்த்தார். உதடுகள் அசைந்தன. பக்கத்தில் நின்றதால் எனக்குப் புரிந்தது. "நாந்தானுங்க. அதை எழுதுனது நாந்தானுங்க." மறுபடியும் அதையே சொன்னார். கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான்.

ஆல்வின் காதருகே கையைக் குவித்தார். கேட்கவில்லை. எழுந்து வந்து, பலகைக்கு மேலாகக் கையை நீட்டி, குமிழைத் தானே திருப்பி மிக்சியை அணைத்தார்.

"கேக்கலீங்ணா" என்றார், அந்தக் காற்றுக் குரலில். "இப்பச் சொல்லுங்க."

கடையில் ஒரு சத்தம் இல்லை. பேக்கரியில் கண்ணாடி டம்ளர் வைப்பதுகூடக் கேட்டது. ரசாக் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கை மெல்ல நகர்ந்துபோய், குமிழை மறுபடியும் மூன்றாம் நம்பருக்குத் திருகியது.