பவானி அக்காவின் பதில்கள்

பவானி அக்கா இல்லை என்ற செய்தியை அவருடைய தம்பிதான் தொலைபேசியில் சொன்னார். எல்லாம் முடிந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. "அக்கான்ரை போனிலை உங்கடை பேர்தான் கூடக் கிடந்தது. நீங்கள் அவவோடை வேலை செய்தனீங்களே?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் எங்கள் கட்டற்ற தமிழ் எழுது மென்பொருளைப் பாவிப்பவர்கள். இலவசமாகக் கிடைப்பது, பிழைத்தால் போய்க் கேட்க ஒரு கம்பனி இல்லை. இணையத்தில் உதவிப் பக்கத்தில் கேள்வி போடுவீர்கள், தொண்டர்கள் பதில் எழுதுவோம். எந்த நாளில் யார் எழுதுவது என்று அட்டவணை போட்டு, தவறியவரைத் தொலைபேசியில் பிடித்து, பதினொரு பேரை ஒன்றாக வைத்திருந்தவர் தொண்டைமானாற்றில் இருந்த பவானி அக்கா. தபாற்கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர். நான் இருப்பது மானிப்பாயில். எட்டு வருடத்தில் நேரில் கண்டது இரண்டே தடவை.

"பதில் தெரியாதெண்டால் தெரியாதெண்டு எழுதுங்கோ. அங்கை ஒராள் பாத்துக்கொண்டு இருக்கும்" என்பார்.

ஒருமுறை ஓர் ஆசிரியை, மின்சாரம் போனதிலிருந்து தன் ஆய்வேடு திறக்கவில்லை என்று எழுதியிருந்தார். இரண்டு வருட உழைப்பு. "பிரதி எடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று ஒரே வரி எழுதிக் கேள்வியை மூடிவிட்டேன். சற்று நேரத்தில் அக்கா தொலைபேசியில் கதைத்தார்.

"தம்பி, பிரதி எடுக்கேல்லை எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியாதே? தெரிஞ்சபடியால்தானே அழுறா."

குரலில் கோபம் இல்லை. அதுதான் சுட்டது. கேள்வியை அவரே மறுபடி திறந்தார். நால்வர் இரண்டு நாட்கள் அந்தக் கோப்போடு மினக்கெட்டோம். கடைசி அத்தியாயம் தவிர எல்லாம் மீண்டது. "மீண்டதை நான் சொல்லுறன். கடைசி அத்தியாயம் போயிட்டுது எண்டதை நீர் சொல்லும்" என்றார். சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

பிறகு ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். வேலை, வெளிநாடு, பிள்ளைகள். அக்கா யாரையும் குறை சொன்னதில்லை. போன வருடம் அட்டவணையில் இரண்டே பெயர்கள் இருந்தன. "வியாழனையும் நீர் எடும் தம்பி, நான் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்றார் ஒருநாள். கண் காட்டப் போகிறாராக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் செவ்வாயும் என்னிடம் வந்தது. அப்போதும் ஏனென்று கேட்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் உதவிப் பக்கத்தில் எழுதியிருந்தால், என்ன நடந்தது, எப்போது தொடங்கியது என்று நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் போனேன். வந்திருந்தவர்கள் தபாற்கந்தோர்க் காலத்தைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்குத் தெரிந்த அக்காவைப் பற்றிக் கதைக்க அங்கே ஆளில்லை. சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நாங்கள் எல்லோரும் 'உதவிக் குழு' என்ற ஒரே பெயரில்தான் பதில் எழுதுவது வழக்கம். சென்ற கிழமை, முன்பு அக்காவிடம் பலதடவை உதவி பெற்ற ஒருவருக்குப் பக்க எண் போடும் விதத்தை எழுதினேன். "சரி வந்திட்டுது. நன்றி அக்கா" என்று பதில் வந்தது. திருத்தி எழுதக் கை போனது. எழுதவில்லை.

அட்டவணையின் ஏழு நாட்களும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அக்காவுக்கு வந்த அந்த நன்றியையும் நானே வைத்திருக்கிறேன்.