றிஸ்னா எழுதிய மூன்றாம் பாகம்

ஜனவரி பிறந்தால் எங்கள் அலுவலகத்துக்குக் கலண்டர்கள் வந்து குவியும். நகைக்கடை, மருந்துக்கடை, அரிசி ஆலை என்று கிளிநொச்சியில் யார் யாருக்கு எங்கள் நினைவு இருக்கிறது என்பது அந்த ஒரு கிழமைக்குள் தெரிந்துவிடும். இந்த முறை புதியதை ஆணியில் மாட்டிவிட்டு, என்னோடு வேலை செய்யும் அக்கா பழையதைக் கழற்றினா. தடித்த தாள் சரசரத்தது.

"இதைக் குப்பைக்குள்ள போடட்டோ?"

"ஐயோ, எறியாதேங்கோ. எனக்குத் தாங்கோ."

"நீங்கள் இதை வைச்சு என்ன செய்யப் போறியள்?"

நியாயமான கேள்விதான். எனக்குப் பார்வை இல்லை. கலண்டர் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. வாங்கி மேசையில் வைத்தேன். மை வாசம் போன பழைய தாளுக்கு ஒரு மணம் உண்டு. வெயிலில் காய்ந்த மட்டையும் பழைய பசையும் கலந்த மாதிரி. மத்தியானம் வரைக்கும் வேலை ஓடவில்லை.

எனக்கு ஏழு வயதில், இடம்பெயர்ந்து ஓடிக்கொண்டிருந்த நாட்களில், பார்வை போயிற்று. அதை இங்கே விரித்துச் சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அப்படி ஒன்று இருக்கிறது. முகாமிலிருந்து திரும்பி வந்து தண்ணீரூற்றுப் பக்கம் குடியேறிய பிறகு, அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முடிவில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனா. அதிபர் நல்ல மனிதர். கதிரை எடுத்துப் போட்டு எங்களை இருத்திவிட்டுத்தான் சொன்னார்: "இஞ்ச இந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்க வசதியில்லை அம்மா." அப்படித்தான் நான் யாழ்ப்பாணப் பக்கம், விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அங்கே பழைய கலண்டர் தாள் என்றால் சொத்து. நாங்கள் எழுதுவது பேனையால் அல்ல. துளைகள் உள்ள ஒரு சட்டத்துக்குள் தாளைச் செருகி, ஊசியால் குத்திக் குத்தி எழுத வேண்டும். குத்துகிற பக்கம் பள்ளமாகும். மறுபக்கம் புள்ளி எழும்பும். தாளைத் திருப்பி அந்தப் புள்ளிகளை விரலால் வாசிப்போம். ஆகவே எழுதும்போது எல்லாவற்றையும் தலைகீழாக, வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகக் குத்திக்கொண்டு போக வேண்டும். மெல்லிய கொப்பித் தாள் அதற்குத் தாங்காது, கிழிந்துவிடும். கலண்டர் தாள் தாங்கும்.

விடுதி நூலகத்தில் இரண்டு அலுமாரி புத்தகம் இருந்தது. பாதி சமயம், மீதி இலக்கணம். சிறுபிள்ளைகள் வாசிக்கிற மாதிரி இருந்தது ஒரேயொரு பள்ளிக்கூடக் கதை. அதுவும் மூன்று பாகம். ஒவ்வொன்றும் தலையணை மாதிரித் தடிப்பு. அதை வாசிக்க முறை வைத்துக் காத்திருப்போம். சாப்பிட்டுக் கைகழுவாமல் தொடக்கூடாது என்று சட்டம். ஆனாலும் கதை சூடுபிடிக்கும் பக்கங்களில் சம்பல் மணக்கும். நானும் அதற்குப் பங்களித்தவள்தான்.

கதை இதுதான். மலைநாட்டில் ஒரு பள்ளிக்கூடம். கமலி என்ற பிள்ளை புதிதாக வந்து சேர்கிறாள். அவள் வந்த கிழமையே பள்ளிக்கூடத்து மணி காணாமல் போகிறது. எல்லோரும் அவளைச் சந்தேகிக்கிறார்கள். இரண்டாம் பாகத்தின் கடைசியில் அதிபர் அம்மா கமலியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்துகிறா. அவ்வளவுதான். மூன்றாம் பாகம் இல்லை. சண்டைக் காலத்தில் கட்டடம் பூட்டிக் கிடந்தபோது மழையில் ஊறிப் போயிற்றாம். அதை வாசித்த ஒருவரும் எங்கள் காலத்தில் விடுதியில் இல்லை.

எனக்குப் பதினொரு வயதானபோது ஓகஸ்ட் விடுமுறைக்கு அந்த இரண்டாம் பாகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டக்டர், "என்ன தங்கச்சி, கேக்கோ?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். புதுக்குடியிருப்புத் தாண்டும்வரை பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கேக் நசுங்காமல் தள்ளி இருந்தார்கள்.

வீட்டுக்கு விடுமுறையில் போவது மற்றப் பிள்ளைகளுக்குச் சந்தோசம். எனக்கு அப்படி இல்லை. அம்மாவும் அப்பாவும் விடிய வயலுக்குப் போய்விடுவார்கள். தம்பி கிரிக்கெட்டுக்கு ஓடிவிடுவான். ஒழுங்கையில் பிள்ளைகள் சைக்கிளில் போகும் சத்தம் வரும், என் படலையைத் தாண்டும்போது குறைந்து, தாண்டியதும் கூடும். நான் கிணற்றடிப் பூவரசின் கீழ் புத்தகத்தை விரித்துக்கொண்டு இருப்பேன். விடுதியில் சிரித்தால் பக்கத்தில் இருப்பவள் என்ன என்று கேட்பாள். இங்கே, வெறும் தாளைத் தடவிக்கொண்டு ஒரு பிள்ளை தனியே சிரிக்கிறது. ஒழுங்கையால் போன ஒரு அம்மா, "பாவம், அதுக்கு மூளையும் பிசகிப் போச்சுது போல" என்று சொல்லிக்கொண்டு போனா. கண் தெரியாதவருக்குக் காதும் கேட்காது என்று சனத்துக்கு ஒரு நம்பிக்கை.

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் வாளியை நிலத்தில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ ஏன் சிரிக்கிற?"

"கதை வாசிக்கிறன்."

"எழுத்தே இல்லாத புத்தகத்துலயா?"

அவள்தான் றிஸ்னா. என் வயதுதான். அவளுடைய பெற்றோர் எங்கள் ஊரவர்கள். முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்த காலத்தில் புத்தளத்துக்குப் போய், இத்தனை வருடம் கழித்துத் திரும்பியிருந்தார்கள். றிஸ்னா பிறந்தது புத்தளத்தில். திரும்பி வந்தவர்களின் கொட்டில்களில் இன்னும் கிணறு இல்லை. தண்ணீருக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள்.

ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன். அவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துவிட்டாள். அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும். அவளுடைய உம்மா வந்து, "தண்ணிக்கு அனுப்பின புள்ள கெணத்துக்குள்ள விழுந்துட்டாளோன்னு பார்க்க வந்தேன்" என்று சொல்லி இழுத்துப் போகும்வரை இருப்பாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கும் கூட்டு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"அங்க இருக்கக்குள்ள எங்கள அகதிண்டாங்க. இங்க வந்தா புத்தளத்தாள்ங்கிறாங்க. நான் பேசுறத அப்படியே பேசிக் காட்டிச் சிரிக்கிறாங்க."

அதிபர் அம்மா கதவைச் சாத்திய இடத்தில் நான் புத்தகத்தை மூடினேன்.

"மிச்சம்?"

"மிச்சம் இல்லை. துலைஞ்சு போச்சு."

"அப்ப மணிய எடுத்தது யாரு?"

"தெரியாது."

அவளுக்கு வந்த கோபம்! ஏதோ நான்தான் மணியை ஒளித்துவைத்த மாதிரி. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, "இந்தப் புள்ளியெல்லாம் எனக்குச் சொல்லித் தா" என்றாள்.

கண்ணால் பார்த்து, எழுத்துக்கு எந்தெந்தப் புள்ளி என்று மனப்பாடம் செய்தாள். இரண்டே கிழமை. என்னிடம் இருந்தது ஒரே சட்டம், அது எனக்கு வேண்டும். அவள் தாளை மடித்த துணியின்மேல் வைத்து, உம்மாவின் தையல் ஊசியால் குத்தினாள். முதல் நாள் கொண்டுவந்ததை வாசிக்கப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. இடப்பக்கத்திலிருந்து நேராகக் குத்தியிருந்தாள். திருப்பினால் எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி. 'இ' எழுதிய இடமெல்லாம் 'ஏ' ஆகியிருந்தது.

"வலப்பக்கத்திலயிருந்து எழுதோணும். கஷ்டம். எனக்கே ஒரு வருசம் எடுத்தது."

"இதென்ன கஷ்டம்? மதரஸாவுல நாங்க ஓதுறதும் எழுதுறதும் வலத்துல இருந்துதானே."

அடுத்த நாள் ஒரு வரி சரியாக வந்தது. 'மணிய நான் கண்டுபிடிப்பேன்' என்று இருந்தது.

டிசம்பரில் நான் திரும்பி வந்தபோது பஸ்ஸால் இறங்கிய களைப்புப் போகமுன்னமே றிஸ்னா ஓடி வந்து, என் மடியில் ஒரு தாள்கட்டை வைத்தாள். கலண்டர் தாள்கள். ஒழுங்கை முழுக்கக் கேட்டுச் சேர்த்திருக்கிறாள். சாக்கு தைக்கும் நூலால் ஓரத்தைத் தைத்திருந்தாள். மூன்றாம் பாகம்.

அவளுடைய புள்ளிகள் கரடுமுரடு. சில இடத்தில் ஊசி அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தது. எழுத்துப் பிழைக்குக் கணக்கில்லை. ஆனால் கதை! கமலியின் அப்பாவுக்கு வேலை மாற்றம் வந்து, அவள் மலைநாட்டை விட்டு எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிடுகிறாள். அங்கே அவள் பேசுவதைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். ஒரு வாங்கில் மட்டும் இடம் இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பிள்ளை தள்ளி இடம் கொடுக்கிறாள். ரீச்சர் இடாப்புக் கூப்பிடுகிறா. கமலியின் பெயர். அடுத்தது அந்தப் பிள்ளையின் பெயர்.

என் விரல் அந்த வரியில் நின்றது. அது என் பெயர்.

'வந்திருக்கிறேன் ரீச்சர்' என்று அந்தப் பிள்ளை சொல்கிறாள். அவளுக்குக் கண் தெரியாது என்று எங்கேயும் எழுதவில்லை. தெரியும் என்றும் எழுதவில்லை. அவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பிள்ளை, அவ்வளவுதான். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பத் தடவினேன்.

"என்ன, பிழையா எழுதிட்டேனா?"

"இல்லை. சரியா இருக்கு."

"மணிய யாரு எடுத்தாங்கண்டு இன்னும் யோசிக்கல்ல. முடிவ நீ ஏப்ரலுக்கு வரக்குள்ள எழுதித் தாறேன்."

ஜனவரியில் அந்தத் தாள்கட்டை விடுதிக்குக் கொண்டுபோய் இரண்டாம் பாகத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு நடந்ததை நீங்கள் நம்பமாட்டீர்கள். முறை வைத்து, சண்டை பிடித்து வாசித்தார்கள். மலைநாட்டுக் கமலி முல்லைத்தீவுக்கு எப்படி வரலாம் என்று பெரிய பிள்ளைகள் வழக்காடினார்கள். வாசித்து முடித்தவள் வாசிக்காதவளுக்கு மூன்றாம் பாகம் முழுவதையும் சொல்லிக் குழப்பிவிடுவாள். "ஆர் எழுதினது?" என்று கேட்டால், "என்ர சிநேகிதி" என்பேன். அப்படிச் சொல்ல எனக்கு அதுவரை ஊரில் ஒருவரும் இருந்ததில்லை.

ஏப்ரலில் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் போய் இருந்தேன். பின்னேரம்வரை வாளிச் சத்தம் கேட்கவில்லை. அம்மா வயலால் வந்துதான் சொன்னா.

"அவையள் திரும்பப் புத்தளம் போயிட்டினம், பிள்ளை. காணிப் பிரச்சினையாம். தகப்பனுக்கு இஞ்ச வியாபாரமும் சரிவரேல்லை."

"என்னட்டக் குடுக்கச் சொல்லி ஏதும் தந்தவளோ?"

"இல்லை. போற அண்டைக்கு வந்தவள். உன்ர கட்டிலடியில கொஞ்ச நேரம் நிண்டிட்டுப் போனவள்."

அவர்களின் தொலைபேசி எண் ஒருவரிடமும் இல்லை. அந்த விடுமுறை முழுக்க நான் புத்தகம் தொடவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்து, "முடிவு எங்க?" என்றார்கள். வரும் என்று சொன்னேன். இரண்டு தவணை கேட்டார்கள். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

போன வருடம் ஒரு நிகழ்ச்சிக்காக அந்த நூலகத்துக்குப் போனேன். அலுமாரிகள் இருந்த இடத்தில் கணினிகள். பிள்ளைகள் ஆளுக்கொரு காதுக்குழலோடு இருந்தார்கள். இப்போது கைபேசியில் எத்தனை கதை வேண்டுமானாலும் கேட்கலாம். முறை பார்க்கத் தேவையில்லை, ஒரு பாகமும் தொலையாது. நல்லதுதான். நானும் இரவு பகலாகக் கேட்கிறவள்தான். ஆனால் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததை நான் அறிந்ததில்லை. மூன்றாம் பாகத்தைப் பற்றிக் கேட்டேன். பொறுப்பான ரீச்சர் தேடிப்போய் வந்து சொன்னா: "கலண்டர் தாளில இருந்ததோ? அதில புள்ளியெல்லாம் படுத்திட்டுது. ஒருதராலும் வாசிக்க ஏலாமப் போச்சு. கழிச்சுப் போட்டம்." அத்தனை விரல்கள் தடவியிருந்தால் படுக்காமல் என்ன செய்யும்?

றிஸ்னாவை இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயரில் எத்தனையோ பேர், எல்லாம் படங்கள். 'ஒரு பெண் நிற்கிறார், பின்னால் மரங்கள்' என்று கைபேசி வாசிக்கிறது. அவளுடைய முகம் எனக்கு எப்போதும் தெரியாது. எனக்குத் தெரிந்தது பதினொரு வயதுக் குரல் ஒன்று. அது இப்போது அவளிடமே இருக்காது. முல்லைத்தீவு பஸ்ஸில் யாரோ ஒரு பெண் என் பக்கத்தில் வந்து, கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்லிக் கேட்டால், நான் தள்ளி இருப்பேன், அது அவளோ என்று தெரியாமலே. வழி முழுக்க இருவரும் பேசாமல் வந்து, அவள் தன் இடத்தில் இறங்கிப் போய்விடுவாள்.